ஒரே இடத்தில் இரண்டு உயரம்

“ஒரே இடத்துக்கு ரெண்டு உயரம் எப்படிண்ணே இருக்கும்? மேல ஒரு பூமி, கீழ ஒரு பூமியா?”

நஜ்லா தொலைபேசியில் போட்ட சத்தம் பக்கத்து அறை வரை கேட்டிருக்கும். மறுமுனையில் நில அளவையர் மொஸ்பா நிதானமாக இருமினார்.

“நான் அளந்ததைத்தான் அனுப்பினேன், இஞ்சினியரம்மா.”

“அளந்தீங்களா, கண்ணை மூடிக்கிட்டுக் குத்தினீங்களா? ஒரு உயரக் கோடு நானூத்திப் பன்னெண்டு மீட்டர்ல போகுது. அதைக் குறுக்க வெட்டிக்கிட்டு இன்னொண்ணு நானூத்தி ஆறுல போகுது. திரை பூரா சிவப்பா எரியுது!”

“சந்தேகமா இருந்தா ஒரு நடை வந்து பாருங்களேன்.”

“எனக்கு வேற வேலை இல்லையா?” என்று வைத்துவிட்டாள்.

காபெஸ் நகர அலுவலகத்தில் மூன்று நாளாக இதே மல்லுக்கட்டு. மத்மாத்தா மலைச் சாலைக்காக அளந்த புள்ளிகளை முக்கோணம் முக்கோணமாகக் கோத்து, நிலத்தின் மேற்பரப்பைக் காட்டும் மென்பொருள் அது. இருமுறை பதிவான புள்ளிகளை நீக்கினாள். உயரம் பூஜ்யம் என்று விழுந்து கிணறு போலக் காட்டியவற்றைத் திருத்தினாள். ஓரங்களில் ஊசியாக நீண்ட முக்கோணங்களை வெட்டி எறிந்தாள். எல்லாம் வழிக்கு வந்தன, அந்த ஒரு மேட்டைத் தவிர. அங்கே ஏழு புள்ளிகள் மட்டும் மற்றவற்றுக்கு ஆறு மீட்டர் கீழே கிடந்தன.

மேலாளர் ஹேடி எட்டிப் பார்த்தார். “இன்னுமா? கீழ கிடக்கற அந்த ஏழு புள்ளியையும் அழிச்சுத் தள்ளும்மா. திங்கக்கிழமை வரைபடம் போகணும். புல்டோசர் காத்துக்கிட்டிருக்கு.”

அழித்தாள். நிலம் துணி விரித்தாற்போல் ஆயிற்று. சாலை அதன்மேல் நேராக ஓடியது.

ஆனாலும் மனசு ஒப்பவில்லை. தவறான புள்ளி என்றால் கோணல்மாணலாகச் சிதறியல்லவா கிடக்கும்? இவை ஏழும் கட்டம் போட்டாற்போல் வரிசை பிசகாமல் நின்றனவே! அழித்தவற்றைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டுக் காரை எடுத்தாள்.

மேட்டின் மேல் மொஸ்பா நின்றிருந்தார். சுற்றிலும் மொட்டை நிலம். நாலைந்து ஒலிவ மரங்கள்.

“எங்கே உங்க ரெண்டாவது பூமி?”

“காலடியில.”

அப்போதுதான் கேட்டது, ஒரு குழந்தையின் சிரிப்பு. மண்ணுக்கு அடியிலிருந்து.

சரிவின் மறுபக்கம் அழைத்துப்போனார். வெள்ளையடித்த வாசல். உள்ளே மலையைக் குடைந்து மூன்று அறைகள். தறி, அடுப்பு, பாயில் உருண்டு விளையாடும் இரண்டு பிள்ளைகள்.

“உக்காருங்க, உக்காருங்க,” என்று ரொட்டியும் ஒலிவ எண்ணெயும் கொண்டுவந்து வைத்தாள் வீட்டுக்காரி ஸல்ஹா.

“இந்தப் பக்கம் எல்லாரும் புது ஊருக்குப் போயிட்டதா பதிவுல இருக்கே?” என்றாள் நஜ்லா.

“போனோம். கோடையில அந்தச் சிமெண்டு வீட்டுல வெந்தே போயிட்டோம். போன வருஷம் திரும்பி வந்துட்டோம். ஆமா, ரோடு வருதாமே? இனிமே பிள்ளைங்க பள்ளிக்கூடத்துக்கு ஆறு கிலோமீட்டர் நடக்க வேண்டாம்!” ஸல்ஹாவின் முகமெல்லாம் சிரிப்பு.

நஜ்லா அண்ணாந்து பார்த்தாள். நேர் மேலேதான் சாலை வரப்போகிறது. இடையில் இரண்டு ஆள் உயர மண்கூட இல்லை. உருளை இயந்திரம் ஒருமுறை ஏறினால் போதும். ரொட்டியை வைத்துவிட்டு எழுந்தாள்.

வெளியே வந்து மேலாளரை அழைத்தாள். “சார், சாலையை நாப்பது மீட்டர் கிழக்கே தள்ளணும். இல்ல சார், புள்ளியில தப்பில்ல. அந்த ஏழு புள்ளியும் ஒரு வீடு. உள்ள குழந்தைங்க இருக்காங்க.”

“தள்ளிடும்மா. தேதியை நான் பேசிக்கறேன்,” என்றார் ஹேடி.

நஜ்லா மொஸ்பாவிடம் திரும்பினாள். “மன்னிச்சிடுங்கண்ணே. வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். தப்பு உங்களுது இல்ல.”

“தப்பு என்னுதுதாம்மா,” என்றார் அவர், அளவைக் கருவியின் முக்காலியை மடக்கியபடி. “மேல்மண்ணை மட்டும்தான் அந்தக் கோப்புல சேர்க்கணும், வீட்டுத் தரையைச் சேர்க்கக் கூடாதுன்னு இருபது வருஷமா அளக்கறவனுக்குத் தெரியாதா? அடியில ஆள் இருக்குன்னு மேலிடத்துக்கு மூணு கடிதம் போட்டேன், போன்லயும் சொன்னேன், ‘பதிவுல காலி வீடு’ன்னு முடிச்சுட்டாங்க, சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க, நேர்ல வந்து பாக்கட்டும்னுதான் வேணும்னே ஒரு தப்பு பண்ணினேன், நீங்க வந்துட்டீங்க.”