எந்தக் காலேஜ் தம்பி?

மந்தைவெளியில் ஜோயாவுக்குக் கணக்குச் சொல்லித்தர உபைத் தானே தேடி வந்திருந்தான். அவளுடைய அம்மா அமீனா பீ வாரம் தவறாமல் கேட்பார்.

"எந்தக் காலேஜ்ல படிச்சீங்க தம்பி?"

"வடக்க ஒரு காலேஜ்மா."

நாடே அண்ணாந்து பார்க்கும் பல்கலைக்கழகம் அது. பெயர் மட்டும் அவன் வாயில் வராது.

இன்று அவர் ஒரு போட்டோவை நீட்டினார். அதே பல்கலைக்கழக விடுதியில் உயிரை மாய்த்துக்கொண்ட மூத்த மகன் ஹஸன் அதில் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் தோளில் கைபோட்டு நின்றவன் உபைத்.

"மொத நாளே தெரிஞ்சிடுச்சி. நீயா சொல்லுவேன்னு பாத்துக்கினு இருந்தேன். கடைசியா உன்கிட்ட இன்னாப்பா பேசினான்?"

உபைத் தலை குனிந்தான்.

"பேச விடலம்மா. அன்னிக்கு ராத்திரி என் ரூம் கதவத் தட்டினான். மறுநாள் பரீட்சைன்னு நான் தொறக்கல."