ஒரு செம்பு தண்ணீர்

செக்கிங் அக்கா மறுபடியும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். அப்புறம் எழுதினாள்.

நான் காலர் தைத்துக்கொண்டிருந்தேன். குனிந்த தலை நிமிரவில்லை. ஆனால் எனக்கு முதுகிலும் கண் உண்டு.

பச்சை அட்டை போட்ட குட்டி நோட்டு. பிசிறு வெட்டி, கறை பார்த்து, பீஸ்களை மடித்து அடுக்குகிற பொம்பளைக்கு நோட்டு எதற்கு?

முதலாளிக்குப் போட்டுக் கொடுக்கிறாள். வேறென்ன.

இந்தத் தையல் கூடத்துக்கு வந்து எட்டு மாதம். எனக்கு வலிப்பு உண்டு என்று இங்கே ஈ காக்காய்க்குக்கூடத் தெரியாது. மாத்திரையை பாத்ரூமில் போட்டுக்கொள்வேன். முன்பு வேலை பார்த்த இடத்தில் தெரிந்துபோனது. விழுந்தவள் வாயில் கரண்டியைத் திணித்தார்கள். முன்பல் பாதி போச்சு. அன்று சாயங்காலமே வேலையும் போச்சு. பல் என்ன ஆச்சு என்று இங்கே கேட்டவர்களிடம் சைக்கிளிலிருந்து விழுந்ததாகச் சொல்லிவைத்திருக்கிறேன்.

இங்கே வந்தபின் ஒரு தடவைகூட வலிப்பு வரவில்லை. டாக்டர் மாதாமாதம் கேட்பார், கூட இருக்கிறவர்கள் யாராவது பார்த்தார்களா என்று. தனி அறையில் இருக்கிறவளுக்குக் கூட யார்? வரவே இல்லை டாக்டர் என்பேன். அவரும் அதே மாத்திரையை எழுதிக் கொடுப்பார்.

மாத்திரை அசதியில் அவ்வப்போது கண் சொக்கிவிடும், அதுதான் ஒரே தொல்லை. முழித்தால் துணி மூட்டை மேல் கிடப்பேன். தூங்குமூஞ்சி என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள்.

இந்த வேலையும் போனால் அண்ணன் வீட்டு மூலையில்தான் போய் அண்டிக் கிடக்க வேண்டும். அண்ணியின் முகத்தை நினைத்தாலே சோறு இறங்காது.

ஆனால் இங்கே எதுவும் சரியில்லை. போன மாதம் கட்டிங் மாஸ்டர் என் மெஷினை ஜன்னலோரத்திலிருந்து பெயர்த்து நடுவில் கொண்டுவந்து போட்டார். அங்கே வெளிச்சம் பத்தவில்லையாம். ஜன்னலோரத்தில் இல்லாத வெளிச்சமா?

கட்டிங் மேஜையின் நாலு முனைக்கும் பஞ்சு வைத்து உறை தைத்துப் போட்டிருக்கிறார்கள். மேஜைக்குச் சட்டை! கேட்டால் சிரிக்கிறார்கள். நான் உள்ளே நுழைந்தால் பேச்சு நிற்கிறது.

அயர்ன்காரர் கதை தனிக் கதை. துணியில் தெளிக்க ஒரு செம்பு தண்ணீரோடு சுற்றுகிற மனுஷன். இந்த நாலு மாதத்தில் மூன்று தடவை அதை என் மடியில் கவிழ்த்திருக்கிறார். அதுவும் நான் கண்ணயர்ந்த நேரமாகப் பார்த்து. ஒவ்வொரு தடவையும் கை தவறிவிட்டது என்று ஒரே பாட்டு. உடனே செக்கிங் அக்கா ஓடிவந்து, ரிஜெக்ட் ஆன பாவாடை ஒன்றைக் கொடுத்து மாற்றச் சொல்வாள்.

மூன்றாம் தடவை கிழி கிழியென்று கிழித்துவிட்டேன். வயசுக்கேத்த புத்தி வேண்டாமா என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். காலிச் செம்பை எடுத்துக்கொண்டு குழாய்க்குப் போய்விட்டார். ஒரு மாதமாக அவரோடு பேச்சில்லை.

சாப்பாட்டு மணி அடித்தது. எல்லாரும் கை கழுவப் போனார்கள். நான் ஊசியில் நூல் கோக்கிற மாதிரி பின்தங்கினேன்.

நோட்டு பட்டன் டப்பாவுக்குள் இருந்தது.

முதல் பக்கத்திலேயே செவ்வாய்க்கிழமை, பதினொன்று இருபது. அக்காவின் குண்டு எழுத்து. "துணியைப் பிசைந்துகொண்டே இருந்தாள். கூப்பிட்டால் பதில் இல்லை. ஒன்றரை நிமிடம். ஊசிக்கிட்டேயிருந்து கையை மெதுவாக நகர்த்தினோம்."

அடுத்தது கட்டிங் மாஸ்டரின் எழுத்து. "சரிந்தாள். தலைக்குத் துணி வைத்து ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். ஆஸ்பத்திரி நர்ஸைக் கேட்டு வைத்திருந்தபடி வாயில் எதுவும் வைக்கவில்லை. இரண்டு நிமிடம். எழுந்ததும் தூங்கிட்டேனா என்று கேட்டாள். ஆமாம் என்றோம்."

எட்டு மாதம். பதினோரு தடவை.

வரவே இல்லை டாக்டர் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.

அட்டையின் உள்பக்கத்தைத் திருப்பினேன். "இவளுடைய டாக்டருக்கு. முதலாளி வந்தால் பட்டன் டப்பாவில் ஒளிக்கவும்."

அதன் கீழே மாஸ்டர்: "இவளிடம் யார் சொல்வது?"

அக்கா: "நான் மாட்டேன். தெரிஞ்சுபோச்சுன்னு பயந்து வேலையை விட்டுருவா."

அதற்கும் கீழே, கோணல்மாணலாக: "என்கிட்ட அவ பேசறதே இல்ல."

பக்கங்களைப் புரட்டினேன். மூன்று இடத்தில் அக்கா ஒரே வரியை எழுதியிருந்தாள்.

"வலிப்பில் தன்னையறியாமல் பாவாடையை நனைத்துவிட்டாள். அவளுக்குத் தெரியவேண்டாம் என்று, முழிப்பதற்குள் அயர்ன்காரர் தண்ணீரைக் கொட்டிவிட்டார்."

வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த வெட்கத்தோடு அழுகையும் வந்தது. எல்லார் முன்னாலும் அந்த மனுஷனை என்னவெல்லாம் கேட்டேன்.

கதவு திறந்தது. அயர்ன்காரர்தான், செம்பை நிரப்பிக்கொண்டு வந்தார். என் கையில் இருந்த நோட்டைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டார். நான் அதை மூடி, அவர் பார்க்கவே என் மாத்திரைப் பைக்குள் வைத்தேன்.

"அன்னைக்கு நெஜமாவே கை தவறிடுச்சும்மா."

ஒரு மாதத்துக்கு அப்புறம் அவரிடம் வாய் திறந்தேன்.

"மூணு தடவையுமா, அண்ணே?"

செம்பைப் பார்த்துக்கொண்டே, ஆமாம் என்று தலையாட்டினார்.