மையில்லாத படம்

"படத்தோட கண்ணாடியக் கழட்டித் தருவீங்களா?" என்று கேட்டார் பெரியவர்.

கடைக்காரம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பழைய படங்கள் விற்கிற கடையில் யாரும் கேட்கக்கூடாத கேள்வி அது.

பெரியவருக்குக் கண் தெரியாது. தங்கை மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். மை இல்லாமல் அச்சடித்த படம் ஒன்று இங்கே விற்பனைக்கு இருப்பதாக அவள்தான் செய்தித்தாளில் படித்துச் சொன்னாளாம்.

படம் எதிர்ச் சுவரில் அகலவாக்கில் தொங்கியது. வெள்ளைத் தாள், அதில் வெள்ளையாகவே மேடும் பள்ளமும். செதுக்கிய பலகையில் மை தடவாமல், ஈரத் தாளை வைத்து அழுத்தி எடுத்தது. பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்தால் மணல்மேடுகள் தெரியும். கீழே அட்டையில் கடைக்காரம்மாவும் 'மணல்மேடு' என்றே எழுதி வைத்திருந்தார்.

"யாரு செஞ்சதுன்னு தெரியுமாங்கய்யா?"

அந்த அச்சு ஓவியர் என்றால் கடைக்காரம்மாவுக்கு உயிர். யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருப்பார்.

"சொல்லுங்கம்மா," என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டார் பெரியவர்.

தீப்பெட்டியில் ஒட்டும் படங்களைச் செதுக்கத்தான் அந்த அம்மாள் முதலில் உளியைப் பிடித்தார். பிறகு பெரிய மரப்பலகைகள். ஒவ்வொரு வர்ணத்துக்கும் ஒரு பலகை செதுக்கி, ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக, மயிரிழை பிசகாமல் அச்சிடுவார். அவர் அச்சிட்ட மழைத் தெருவைப் பார்த்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளத் தோன்றும். ஒரு தக்காளியின் சிவப்பு சரியாக வரவில்லை என்று மறுபடி மறுபடி பலகை செதுக்கியவர். வர்ணக்காரி என்றே எல்லோரும் அழைத்தார்கள். கடல்கடந்து பேர் போன பிறகும், பக்கத்துத் தையல்காரர் கேட்டாரென்று அவர் கடைக்குப் பெயர்ப்பலகை செதுக்கிக் கொடுத்தார்.

"கடைசியா செஞ்சது இது. ஒரே ஒரு பிரதி. என்ன படம்னு யார்கிட்டயும் சொல்லாமலே போய்ச் சேந்துட்டாங்க. பட்டறையில கெடந்தத காட்சிக்கூடத்துக்காரங்க எடுத்துச் சட்டம் போட்டாங்க. அவ்வளவு வர்ணத்தையும் ஒதுக்கிட்டாங்களே, இது துறவுன்னு பெரிய பெரிய ஆளுங்க எழுதினாங்க."

"துறவா!" பெரியவர் உரக்கச் சிரித்துவிட்டார்.

"மாமா, சும்மா இருங்க," என்று இடித்தாள் தங்கை மகள்.

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "தொட்டுப் பாத்துட்டுக் குடுத்துடறேம்மா. எனக்குப் பாக்குறதுக்கு வேற வழியில்ல."

சட்டத்தின் பின்னால், அசல்தான் என்று காட்சிக்கூடம் ஒட்டிய முத்திரைத் தாள் இருந்தது. சாயங்காலம் ஒரு டாக்டர் வந்து படத்தை எடுத்துப்போவதாகப் பேச்சு. முத்திரை பிரிந்திருந்தால் வேண்டாம் என்று கறாராகச் சொல்லியிருந்தார். கடையோ ஈயடித்துக்கொண்டிருந்தது. இந்த விற்பனையை நம்பித்தான் அடுத்த மாதம் கதவு திறக்கும்.

முடியாது என்று சொல்லத்தான் கடைக்காரம்மா வாயெடுத்தார்.

பெரியவர் கைக்குட்டையால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார். நகக்கண்களைக்கூட விடவில்லை.

கேட்டதைக் கொடுக்க முடிகிற இடத்தில் கடவுள் நம்மை நிறுத்துவது அடிக்கடி நடப்பதில்லை. நிறுத்தும்போதும் அது பெரும்பாலும் தொந்தரவாகவே தெரிகிறது.

கடைக்காரம்மா படத்தை இறக்கி மேஜைமேல் கவிழ்த்தார். முத்திரைத் தாளைக் கத்தியால் கீறினார். ஆணிகளை நெம்பி, தாளை மட்டும் வெளியே எடுத்துப் பெரியவர் முன்னால் வைத்தார்.

விரல் நுனிகள் தாளில் இறங்கின. ஒரு மேட்டில் ஏறி, சரிவில் தயங்கி நின்றன.

"படுக்கப் போட்டு வச்சிருக்கீங்களேம்மா," என்றார். தாளை மெதுவாக நெட்டுவாக்கில் திருப்பினார்.

கடைக்காரம்மா குனிந்து பார்த்தார். மணல்மேடு இருந்த இடத்தில் ஒரு பெண்ணின் முகம் இருந்தது.

"அத்தை!" என்றாள் தங்கை மகள்.

பெரியவரின் விரல்கள் இப்போது தயங்கவில்லை. நெற்றியிலிருந்து புருவத்துக்கு, புருவத்திலிருந்து மூடிய இமைக்கு, பழகிய தெருவில் நடப்பதுபோல் நடந்தன. மூக்குக்கு வந்ததும் நின்றன. திரும்ப ஒருமுறை தடவினார். கண்ணில் நீர் வழிய, தோள் குலுங்கச் சிரித்தார்.

"தன் மூக்கைச் சின்னதா செதுக்கியிருக்கா பாருங்கம்மா, கள்ளி. என்கிட்டயேவா!"