அடுப்படி அறை

"அடுப்படி ரூம் எனக்குத்தான். நான்தானே முதல்ல வந்தேன்?"

காலை பதினோரு மணிக்கே வந்து மேஜையில் கையை ஊன்றி நின்ற அந்தப் பெரியவரைப் பார்த்ததுமே, விடுதிக்காரம்மா மனதுக்குள் உம்மணாமூஞ்சி என்று பெயர் வைத்துவிட்டாள்.

ஒன்பது நாள் நடைப்பாதையில் அது ஐந்தாவது விடுதி. பாதை நெடுக ஒரே சட்டம்தான். முன்பதிவு கிடையாது, முதலில் வருபவருக்கே அறை. அறை என்று இருப்பதும் ஒன்றே ஒன்று. சமையலறை அடுப்புச் சுவரை ஒட்டி, கதகதவென்று இருக்கும். மற்றவர்களுக்கு மாடிக் கூடம். பத்துக் கட்டில், ஏணி மாதிரி படி, சரியாகச் சாத்தாத ஜன்னல்.

யாராவது குடும்பமாக வரலாம், ஒண்டி ஆள் மாடியில் படுத்தால் என்ன என்று கேட்டுப் பார்த்தாள். அவர் சுவரில் தொங்கிய சட்டப் பலகையைக் கண்ணால் காட்டினார். வேறு வழியில்லாமல் சாவியைக் கொடுத்தாள்.

மூன்று மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. அவர் வாசலிலேயே நின்று பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலரைக்குத் திடீரென்று உள்ளே வந்து சாவியை மேஜையில் போட்டார்.

"மெத்தை பள்ளமா இருக்கு. எனக்கு வேண்டாம். மாடியிலேயே படுத்துக்கிறேன்."

அவளுக்குச் சுருக்கென்றது. போன மாதம்தான் மாற்றிய மெத்தை. அடம்பிடித்து வாங்குவானேன், பிறகு நொட்டை சொல்வானேன்? விரிப்பை மாற்றப் போனால், அது போட்டது போட்டபடி இருந்தது. இந்த ஆளுக்குப் பஞ்சை மலையாகக் குவித்தாலும் குத்தும் என்று முணுமுணுத்துக்கொண்டாள்.

திரும்பி வந்தால் வாசலில் ஓர் இளம் தம்பதி, தொப்பலாக நனைந்து நின்றார்கள். கணவனின் சிவப்பு ரெயின்கோட்டுக்குள்ளிருந்து ஒரு குழந்தை தலையை நீட்டிப் பார்த்தது. அதன் மேல் மட்டும் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"கைக்குழந்தையைத் தூக்கிட்டு இந்த மழையில நடக்கணும்னு இப்ப யாரு அழுதா?" என்றாள் விடுதிக்காரம்மா.

"இவ அழலைங்க. எங்க அம்மாதான் அழுதாங்க" என்று சிரித்தாள் அந்தப் பெண்.

அவள் தபால்காரி. வேலையிலேயே தினம் பத்து கிலோமீட்டர் நடப்பவள். அவன் கார் சீட் தைப்பவன். குழந்தையைச் சுமக்கும் பையை அவனே தைத்திருந்தான். இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்தது மூன்று வருஷத்தில் இப்போதுதான். பிள்ளை பிறந்துவிட்டது, இனிமேல் எங்கே ஊர் சுற்றுவது என்று எல்லோரும் சொல்ல, பிள்ளையையும் சேர்த்தே கிளம்பிவிட்டார்கள். இரண்டு மணி நேரம் நடை, ஒரு மணி நேரம் பாயை விரித்துக் குழந்தைக்கு விளையாட்டு. துவைத்த துணிகள் அவள் முதுகுப் பையில் ஊக்கு குத்தித் தொங்கிக்கொண்டே காயும்.

"வீட்டுல இருந்தா இவ பாக்கிறது நாலு சுவரும் ஒரு ஃபேனும்தான். இங்க ஒரு நாளைக்கு நாப்பது மாடு பாக்கறா" என்றாள்.

விடுதிக்காரம்மா மூன்று பெற்றவள். கடைத்தெருவுக்குக் கிளம்புவதற்குள்ளேயே நாக்குத் தள்ளிப்போனவள். அவளுக்கு இந்தப் பெண்ணைப் பார்க்கப் பெருமையாகவும், கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. வெந்நீர் வைக்கப் போனாள்.

அடுப்படி அறை காலி என்றதும் இரண்டு பேர் முகத்திலும் அப்படியொரு நிம்மதி.

"இன்னைக்கு மாடிதான்னா நாளைக்கு பஸ் ஏறிடலாம்னு பேசிக்கிட்டே வந்தோம்மா" என்றான் அவன். "முதல் நாள் மாடியில படுத்ததுலதான் இவளுக்குச் சளி பிடிச்சுது. ராத்திரி பூரா இருமினா. அன்னைக்குக் கீழ் ரூம்ல இருந்தது ஒரு பெரியவர். பாவம், அவருக்கு எப்படித் தெரியும், நாங்களும் கேக்கலை. அதுக்கப்புறம் நாங்க எவ்வளவு லேட்டா போனாலும் கீழ் ரூம் காலியா இருக்கு. எல்லாம் எங்க பொண்ணு ராசி."

மறுநாள் விடிந்தும் விடியாமலும் உம்மணாமூஞ்சி கிளம்பினார். குழந்தை சிணுங்கிய சத்தம் மாடி வரைக்கும் கேட்டது, தூக்கமே இல்லை, இதுகளை முந்திக்கொண்டு போய்விட வேண்டும் என்றார். ஒரு வாய் டீ கூடக் குடிக்கவில்லை. விடுதிக்காரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தம்பதி எட்டு மணிக்கு, குழந்தைக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு, நிதானமாகக் கிளம்பினார்கள். வானம் மறுபடியும் இருட்டிக்கொண்டிருந்தது.

நாள் முழுக்க விடுதிக்காரம்மாவுக்கு வேலையே ஓடவில்லை. நாலு மணிக்கு மேல் பொறுக்க முடியாமல் ஆறாவது விடுதிக்காரிக்குப் போன் போட்டாள்.

"ஒரு பெரியவர் வந்து அடுப்படி ரூமைப் பிடிச்சிட்டாரா?"

"பத்தரைக்கே வந்துட்டாருக்கா."

"நினைச்சேன். கைக்குழந்தையோட ரெண்டு பேர் வருவாங்கம்மா. இன்னைக்கு அந்த ரூம் இல்லைன்னா ஊருக்கே திரும்பிடுவாங்க. எப்படியாவது அந்த ஆளைக் கிளப்பு."

"நான் என்னத்தக் கிளப்பறது? சாவியை வாங்கிச் சட்டைப் பையில போட்டவர், பூட்டைக்கூடத் திறக்கலை. அவரோட பையை நேரா மாடியில கொண்டுபோய் வெச்சிட்டு, இவ்வளவு நேரமும் மழையில வாசல்லதான் நின்னாரு. அதோ, வளைவுல சிவப்பு ரெயின்கோட் தெரியுது. இப்பதான் விறுவிறுன்னு வந்து, மெத்தை பள்ளமா இருக்குன்னு சாவியைத் திருப்பிக் குடுத்தாரு. ஏங்க்கா, ரூமுக்குள்ள காலே வைக்காத மனுஷனுக்கு மெத்தை பள்ளமா இருக்குன்னு எப்படித் தெரியும்?"