தோளில் தங்காத பொன்னாடை

மேடையில் என் வீட்டுக்காரர் தண்ணீர் தம்ளரை எடுத்தபோது நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். கடைசி வரிசைக்குப் பின்னால் நான்கு பேர் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்கள்.

ஓய்வு பெற்ற பேராசிரியர்களின் சனிக்கிழமைச் சொற்பொழிவுக்கு அப்படிப்பட்ட ஆட்கள் வருவதில்லை. வருகிறவர்கள் எல்லாம் என்னைப் போல முட்டிவலிக்காரர்கள். கருந்துளை என்றாலும் கேட்போம், சர்க்கரை நோய் என்றாலும் கேட்போம், முடிந்ததும் கீரை வடை தின்போம். சாகிறவரை படிக்க வேண்டும் என்பது எங்கள் சங்கத்தின் கொள்கை.

அந்த நான்கு பேரில் ஒருவனுக்கும் முப்பது தாண்டியிருக்காது. படிக்க வந்த முகமா அது?

அன்றைய தலைப்பு 'கீழத்தஞ்சையில் நெல்லும் கூலியும்'. பேசுகிறவர் சவரியப்பன், பொருளாதாரப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், என் கணவர். தலைமை நீலமேகம், பல்கலைக்கழகத்தின் பழைய பதிவாளர். நன்னிலம் பக்கம் நெடுவாக்கரையில் பாதி நிலம் ஒரு காலத்தில் அவர் குடும்பத்துடையது.

அந்த நீலமேகம் காலையில் எங்கள் வீட்டுக்கே வந்து, காபி குடித்துவிட்டு, தன்மையாகத்தான் சொன்னார்.

"சட்டம் பேசுங்க, சங்கம் பேசுங்க சார். எங்க ஊர் பேரும் அந்த எல்லையம்மாள் பேரும் மட்டும் வேண்டாம். எங்க பசங்க வந்திருப்பாங்க. நான் சொன்னாகூட அடங்க மாட்டாங்க."

ஆட்சி மாறி, நில உச்சவரம்புச் சட்டம் வந்து, ஊருக்கு ஊர் கூலித் தகராறு நடந்த காலம் ஒன்று இருந்தது. அப்போது அறுவடைக் களத்தில் கூலியில் அரை மரக்கால் நெல் கூடுதலாகக் கேட்டவள் எல்லையம்மாள். மறுநாள் வாய்க்காலில் கிடந்தாள். வழக்கு நிற்கவில்லை. எங்கள் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை, யாரும் வாய்விட்டுச் சொல்லாத கதை.

நீலமேகத்தின் கார் தெருமுனை திரும்பியதும் நான் கத்தினேன்.

"அவ நமக்கு ஒட்டா உறவா? பேரச் சொல்லாம விட்டா உங்க படிப்பு கொறஞ்சிடுமா?"

இவர் குறிப்புத் தாள்களை அடுக்கிப் பையில் வைத்தார். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிற ஆள் இல்லை. தாய் தகப்பன் இல்லாமல் நாகூர்ப் பக்கம் பாதிரியார் விடுதியில் வளர்ந்த பிள்ளை. அவர் வாயைத் திறக்க வைப்பதற்குள் நமக்கு வாய் வலித்துவிடும்.

மேடையில் மட்டும் நன்றாகப் பேசுவார். அன்றும் பேசினார். 'ஒரு ஊர்' என்றார். 'ஒரு பெண்' என்றார். கூலி அளக்கச் சின்ன மரக்கால், குத்தகை வாங்கப் பெரிய மரக்கால் என்று மிராசுதார் இரண்டு வைத்திருந்ததையும், அந்தப் பெண் இரண்டையும் தூக்கி வந்து களத்தில் எல்லோர் முன்னாலும் கவிழ்த்துக் காட்டியதையும் சொன்னார். எந்தப் புத்தகத்தில் படித்தாரோ, நேரில் பார்த்ததைப் போலச் சொன்னார்.

நடுவில் ஒருமுறை, "அவ பேரு..." என்று இழுத்தார். சுவரில் சாய்ந்திருந்தவர்களில் ஒருவன் போனை உயர்த்திப் படம் பிடித்தான். இவர் தண்ணீர் குடித்துவிட்டு வேறு விஷயத்துக்குப் போனார்.

மாதாவே, மாதாவே என்று நான் பைக்குள்ளேயே ஜெபமாலையை உருட்டினேன். பக்கத்தில் இருந்த ராஜம்மாள், "ஏன் பாத்திமா, ஒனக்கு இப்படி வேர்க்குது?" என்று கேட்டாள்.

கடைசியில் நன்றி என்று அவர் சொன்னதும்தான் எனக்கு உயிர் வந்தது. பெயர் வரவில்லை. தப்பித்தோம். இனி பொன்னாடை, வடை, வீடு.

பொன்னாடை விஷயத்தில் இவருக்கு ஒரு கிறுக்கு உண்டு. தோளில் போடவிட மாட்டார், கையை நீட்டி வாங்கிக்கொள்வார். குளித்துவிட்டு வரும்போதுகூடத் தோளில் துண்டு இருக்காது. கேட்டால் வேர்க்கும் என்பார். தஞ்சாவூரில் யாருக்குத்தான் வேர்க்காது?

அன்று நீலமேகம் முந்திக்கொண்டார். பின்னாலிருந்து வந்து போர்த்தி, இரண்டு தோளையும் அழுத்திப் பிடித்தார். எல்லோரும் கைதட்டினார்கள்.

இவர் கை தானாக மேலே போனது. பொன்னாடையை உருவியது. சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டது. முதுகு வளைந்தது.

என்ன அடக்கம் என்று கூட்டம் இன்னும் பலமாகத் தட்டியது.

எனக்குக் கை எழவில்லை. அந்த நிற்பை நான் பார்த்திருக்கிறேன். திருவாரூரில் என் அப்பாவின் களத்தில், கூலிக்கு வந்தவர்கள் அவர் தலையைக் கண்டதும் துண்டை எடுத்து அப்படித்தான் இடுக்கிக்கொண்டு நிற்பார்கள். நடக்கப் பழகும்போதே பிள்ளைகளுக்கு அதையும் பழக்கிவிடுவார்கள்.

நீலமேகமும் களம் பார்த்து வளர்ந்தவர்தானே. அவர் சிரிப்பு நின்றது. காலையிலிருந்து 'சார்', 'நீங்க' என்று பேசிய வாய், மைக் பக்கத்தில் இருப்பதையும் மறந்து கேட்டது.

"நீ யாரு வீட்டுப் புள்ள?"

கைதட்டல் அடங்கிப்போனது. சுவரில் சாய்ந்திருந்தவர்கள் நிமிர்ந்தார்கள்.

சொல்லாதீங்க, சொல்லாதீங்க என்று உள்ளுக்குள் அலறினேன், அவர் என்ன சொல்லப்போகிறார் என்று தெரியாமலே.

இவர் குனிந்து தன் கக்கத்தைப் பார்த்தார். யாரோ அங்கே வைத்துவிட்டுப் போன துணியைப் போல அதை எடுத்தார். உதறினார். தன் கையாலேயே தோளில் போட்டுக்கொண்டார். 

"எல்லையம்மாள் மகன். நெடுவாக்கரை."

பின்னால் அந்த நான்கு பேர் கதவை உள்பக்கமாகச் சாத்தும் சத்தம் கேட்டது.

கல்யாணமாகி முப்பத்தைந்து வருடம் கழித்து எனக்கு ஒரு மாமியார் வந்துவிட்டாள். காலையில்தான் அவளை ஒட்டா உறவா என்று கேட்டிருந்தேன். எழுந்து மேடைக்குப் போய் அவள் மகன் பக்கத்தில் நின்றேன்.