எப்பக் கிளம்புறீங்க?

"எப்பக் கிளம்புறதா உத்தேசம்?"

காபியைக் கையில் கொடுக்கும்போதே கேட்டாள் நாத்தனார். அவளுடைய தம்பி தலையைச் சொறிந்தான். தம்பி மனைவி டீச்சருக்கு முதல் வாய்க் காபியே கசந்தது.

இது இன்று நேற்றுக் கேள்வி இல்லை. ஊரில் நிலைமை கெட்டுப்போய், பிள்ளைகளையும் பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு கடல் தாண்டி வந்து இறங்கினார்களே, அதற்கு மறுநாள் காலையே ஆரம்பித்துவிட்டது. கேட்பவள் ஒன்றுவிட்ட அக்காகூட இல்லை. கூடப் பிறந்தவள்.

"ஊர் இன்னும் அடங்கலையேக்கா."

"அடங்கினதும்? பிளேன் எந்த வழியாப் போகுதுன்னு பாத்து வச்சியா?"

"இல்ல..."

"பாத்து வை. கடை என்னாச்சு?"

"பூட்டித்தான் கிடக்கு. எத்தனையோ பேரோட மூக்குக்கண்ணாடி அரைகுறையா நிக்குது. பாவம், எதைப் போட்டுக்கிட்டுப் பாக்குறாங்களோ."

"அப்ப சீக்கிரம் போய் முடிச்சுக் குடு."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாத்தனார் வீட்டுக்காரர் நெளிந்தார். "விடும்மா. இருக்கட்டும்ப்பா, இது உங்க வீடு மாதிரி."

தங்கமான மனுஷன். அவருக்குப் போய் இப்படி ஒருத்தி வாய்த்தாளே என்று டீச்சர் நினைத்துக்கொண்டாள்.

ஒன்றா இரண்டா? அறைக்கு ஒரு திரைச்சீலை வாங்கலாம் என்றால், "நாலு நாள் இருக்கப்போறவங்களுக்கு அது எதுக்கு?" அலமாரியில் துணியை அடுக்கப்போனால், "பெட்டியிலயே இருக்கட்டும்." பெரியவனுக்கு ஷூ வாங்கப்போன இடத்தில், "வளர்ற பிள்ளைதான், அதுக்காகப் பெருசா வாங்காத. அடுத்த ஷூவை ஊர்ல போய் வாங்கிக்கலாம்." கடைக்காரர் முன்னால் டீச்சருக்கு முகத்தில் அடித்த மாதிரி ஆகிவிட்டது.

அன்று அறைக்கதவைச் சாத்திவிட்டுப் புருஷனைப் பிடித்துக்கொண்டாள்.

"விருந்தும் மருந்தும் மூணு நாள்னு சும்மாவா சொன்னாங்க? உங்கக்கா கழுத்தைப் பிடிச்சுத் தள்ளலை, அது ஒண்ணுதான் பாக்கி."

"அவ சுபாவமே அப்படித்தான். மனசுல ஒண்ணும் இருக்காது."

"மனசுல இல்லாமத்தான் தினம் காலைல வாயில வருதா? நான் வீடு பாத்துட்டேன். பக்கத்துத் தெரு. தரகர்கிட்ட சாயங்காலம் பதில் சொல்றேன்னு சொல்லியிருக்கேன். ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடணுமாம்."

"ரெண்டு வருஷமா? கொஞ்ச நாளைக்குன்னுதானே வந்தோம்?"

"மானம் போனப்புறம் கொஞ்ச நாள் என்ன, நிறைய நாள் என்ன? ஊர் ஸ்கூல்ல நான் வேலையை விட்டுடறேன். நீங்களும் இங்கயே ஏதாவது கண்ணாடிக் கடையில சேந்துக்கங்க."

சொன்னாளே தவிர, வேலையை விட அவளுக்கே மனசில்லை. லீவு முடிந்து திரும்பிப் போய்த் தன் வகுப்பில் நிற்பதைத்தான் வந்த நாளிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறாள். அதற்காக இப்படியா தினம் பேச்சு வாங்குவது?

சாயங்காலம் நேராக அடுக்களைக்குப் போனாள்.

"அண்ணி, நாங்க கிளம்புறோம்."

நாத்தனார் முகம் அப்படியே மலர்ந்தது. "ஊருக்கா?"

"இல்ல. பக்கத்துத் தெருவுக்கு."

மலர்ந்த முகம் வாடிவிட்டது.

"ரெண்டு வருஷ ஒப்பந்தம். இனிமே நீங்க தினம் காலைல கேட்டுக் கஷ்டப்பட வேணாம்."

நாத்தனார் அடுப்பை அணைத்தாள். பிறகு மேலே பரணைக் காட்டினாள்.

"அந்த நீலப் பெட்டி தெரியுதா?"

"போர்வை போட்டு வச்சிருக்கீங்களே, அதுதானே?"

"நான் வந்தப்பக் கொண்டுவந்தது. அப்பவும் ஊர்ல இதே கதைதான். நாங்களும் கொஞ்ச நாளைக்குன்னுதான் வந்தோம். எங்க வீட்டுக்காரரோட சித்தப்பா வீட்டுலதான் இருந்தோம். அலமாரியைக் காலி பண்ணி என் துணியை அவங்களே அடுக்கிக் குடுத்தாங்க. பிள்ளைகளுக்கு ரெண்டு சைஸ் பெருசா ஷூ வாங்கிக் குடுத்தாங்க. அப்புறம் ஒரு வீடும் பாத்துக் குடுத்தாங்க."

டீச்சருக்குச் சுருக்கென்றது. விட்டுக்கொடுக்காமல், "அது நல்ல மனசுதானே அண்ணி?" என்றாள்.

"நல்ல மனசுதான். ஊர் அடங்கினது எனக்கும் தெரிஞ்சுது. போலாம் போலாம்னே இருந்தேன். அம்மா முகத்தைக் கடைசியா போன்லதான் பாத்தேன். அந்தக் கொஞ்ச நாள் எனக்கு இன்னும் முடியலை."

டீச்சரின் கையில் இருந்த போன் அடித்தது. தரகர். அவள் எடுக்கவில்லை.

நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ரொம்ப நல்லவங்கம்மா. ஒருத்தர்கூட எங்களை எப்பக் கிளம்புறீங்கன்னு கேக்கலை."