நாற்பத்தோராவது பெயர்

“‘ரன்’ என்ற வார்த்தைக்கு அர்த்தம் சொல்லு” என்றார் ராஜநாயகம் வாத்தியார்.

“ஓடு, சார்.” கடைசி பெஞ்சிலிருந்து பதில் வந்தது.

“ஆத்துக்குச் சொன்னா?”

“பாயுது.”

“கடைக்கு?”

“நடத்துறது.”

“துணிச் சாயத்துக்கு?”

“அதுக்குமா? இத்துனூண்டு வார்த்தைக்கு இன்னா சார் இத்தினி அர்த்தம்!”

“துவைச்சா சாயம் போகுதே, அதுவும் ரன்தான். இன்னும் முப்பது இருக்கு. நாளைக்குச் சொல்றேன்.”

“நாளைக்கு நான் இருக்க மாட்டேன் சார். மச்சான் வண்டி கட்டிக்கினு வந்துகீறான். குடும்பத்தோட செங்கல்பட்டு போறோம். நீங்களும் வந்துடுங்க சார்.”

“அங்கே எனக்கு யார் இருக்கா?” வாத்தியார் கரும்பலகையை அழித்தார். “நேரமாச்சு. போய் மணி அடி.”

பியூன் பவுல்சாமி பெஞ்சை விட்டு எழுந்துபோய் மணி அடித்தான். அதைக் கேட்டுக் கூச்சல் போட்டுக்கொண்டு ஓடப் பையன்கள் இல்லை. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பயந்து சாந்தோமே காலியாகி இரண்டு வாரமாகிறது.

மறுநாள் காலை வாத்தியார் ரிஜிஸ்தரைத் திறந்தார். நாற்பது பெயர்களையும் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, நாற்பதுக்கும் ஆப்சென்ட் போட்டார். அடியில், போன வாரம் அவரே எழுதிச் சேர்த்த இன்னொரு பெயர் இருந்தது.

“பவுல்சாமி!”

கடைசி பெஞ்சைப் பார்த்தார். மறுபடியும் கூப்பிட்டார்.

ஒருத்தனுக்காக இன்னொருத்தன் குரல் கொடுத்தால், இரண்டு பேரையும் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்துகிறவர் அவர்.

“பிரசன்ட், சார்” என்றார்.